கமிட்டியில உட்காரப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, உட்காரு. அந்த லேப்டாப்பை மூடி வை. அடுத்த டிசம்பருக்கு எந்த மேடை நாடகத்தை டிவியில லைவா காட்டறதுன்னு முடிவு பண்ண உங்க சேனல்ல கமிட்டி போட்டிருக்காங்களாம், அதுல உன்னையும் சேர்த்திருக்காங்களாம். உங்கம்மா இட்லி ஊத்தும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. பெரிய வேலைதான். ஊர்ல மாரியம்மன் திருவிழா நாடகக் கமிட்டியில தலை நரைக்கிற வரைக்கும் உட்கார்ந்து எழுந்தவன் நான், எனக்குத் தெரியாதா? வள்ளி திருமணமா, பவளக்கொடியா, அரிச்சந்திரா மயான காண்டமான்னு ராத்திரி பூரா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சண்டை போடுவோம். கோழி கூப்பிடற நேரத்துக்கு வள்ளி திருமணம்னு முடிவாகும். வருசா வருசம் அதே முடிவுதான். அதுக்காகச் சண்டை போடாம எழுந்திரிக்க முடியுமா? டீக்காசு கமிட்டிக் கணக்காச்சே.

உங்க ஆளுங்களும் அப்படித்தான்னு இந்த நியூஜெர்சி சோபாவுல உட்கார்ந்தே தெரிஞ்சுக்கிட்டேன். நீ கொண்டாந்து போட்ட பழைய பதிவையெல்லாம் பார்த்தாச்சு. இந்தக் குளிர்ல வெளியில போய் நான் என்ன பண்ணப் போறேன்?

கூட்டம் ஆரம்பிச்சதும் ஒருத்தன் எந்திரிச்சு, "எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாப் போடுவோம்"ம்பான். தலையாட்டு. அவன்தான் சம்பளம் அதிகம் வாங்கறவனா இருப்பான். அவன் சொல்றதுலயும் தப்பில்ல. 2013 டிசம்பர் 5-ஆம் தேதி என்பிசிக்காரன் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' போட்டானே, 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தாங்க. கன்ட்ரி பாட்டுப் பாடற கேரி அண்டர்வுட்தான் மரியா. பாட்டுல ஒரு குறை சொல்ல முடியாது. வசனம் வரும்போதுதான் பொண்ணு ஒப்பிச்சுது. பார்த்தவன்ல பாதிப் பேரு ஒரு கண்ணு டிவியிலயும் ஒரு கண்ணு போன்லயுமா ட்விட்டர்ல திட்டிக்கிட்டே பார்த்தான். திட்டறதுக்காகவாவது மூணு மணி நேரம் எழுந்திரிக்காம உட்கார்ந்திருந்தான் பாரு, அவனைவிட நல்ல ரசிகன் உனக்குக் கிடைக்க மாட்டான். அவன் வாயில என்ன வருதுன்னு சேனலுக்கு எதுக்கு? விளம்பரத்துக்கு இருந்தானா, எந்திரிச்சுப் போனானாங்கறதுதான் கணக்கு.

தெரிஞ்ச கதைங்கறதுல ஒரு வம்பு இருக்கு. ஜனங்களுக்குத் தெரிஞ்சது நாடகம் இல்ல பேராண்டி, சினிமா. நாடகம் 1959-ல மேரி மார்ட்டின் நடிச்சு வந்துச்சு, ஜூலி ஆண்ட்ரூஸ் நடிச்ச படம் 1965-ல. நாடகம்தான் அண்ணன், ஆனா பேரெல்லாம் தம்பிக்குப் போயிருச்சு. இடிச் சத்தத்துக்குப் பயந்து குழந்தைங்க மரியா ரூமுக்கு ஓடி வருமே, படத்துல அங்க தனக்குப் பிடிச்சதையெல்லாம் வரிசையாச் சொல்லி ஒரு பாட்டுப் பாடுவா. நாடகத்துல அந்த இடத்துல ஆட்டிடையன் பாட்டு. டிவியில நாடகத்துல இருக்கற மாதிரியே போட்டாங்க. உடனே, "பாட்டை மாத்திட்டான், கதையைக் கெடுத்துட்டான்"னு ஒரே ரகளை. மூலத்தை ஒழுங்காப் போட்டதுக்கு விழுந்த அடி அது. அதனால, நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜூலி ஆண்ட்ரூஸ் நடிச்சதா மட்டும் வேண்டாம். அந்த அம்மாவோட மோதி ஜெயிச்சவங்க கிடையாது.

இன்னொண்ணு கவனிச்சியா? அன்னைக்கு ஒவ்வொரு பாட்டும் முடிஞ்சதும் கைதட்டற சத்தமே வரல. ஏன்னா உள்ள பார்வையாளரே கிடையாது. லாங் ஐலண்டுல பெத்பேஜ்னு ஒரு ஊர், க்ரம்மன் கம்பெனிக்காரன் நிலாவுல இறங்கின வண்டியைச் செஞ்ச இடம். அங்கதான் ஸ்டுடியோ. நிலாவுல இருக்கற அமைதி அன்னைக்கு அங்கயும் இருந்துச்சு. தொண்டை கிழியப் பாடி முடிச்சுட்டு, எதுத்தாப்பல கேமராவைப் பார்த்து நிக்கணும்னா எந்த நடிகனுக்கு முகத்துல ரத்தம் ஓடும்? எங்க ஊர்ல பபூன் வந்து ஒரு சிரிப்புச் சொன்னா மணல்ல உட்கார்ந்த கிழவி திருப்பி ஒண்ணு சொல்லும், அவன் அதுக்குப் பதில் சொல்லுவான், நாடகம் அதுல அரை மணி நேரம் நீளும். அந்தக் கிழவியை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டு நாடகம் போட்டா, அதை முன்னாடியே படம் பிடிச்சுக் காட்டிட்டுப் போயிறலாமே.

அடுத்த வருசம் 'பீட்டர் பேன்'. அதே ஸ்டுடியோ, அதே அமைதி. 92 லட்சத்துக்கு இறங்கிருச்சு. ஹூக் கேப்டனா வந்த கிறிஸ்டோபர் வாக்கன் பெரிய நடிகர்தான், அன்னைக்கு என்னமோ அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுத்தற மாதிரி எனக்குப் பட்டுச்சு. 2015-ல 'தி விஸ்'. கறுப்பின நடிகர்களே முழுக்க நடிச்சது. டோரத்தியா வந்த ஷானிஸ் வில்லியம்ஸ், யார் வேணாலும் வரலாம்னு வச்ச தேர்வுல கிடைச்ச புதுமுகம். பேர் தெரியாத பொண்ணு, பேர் போன நட்சத்திரங்களுக்கு நடுவுல நின்னு பாடினதை நான் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். 1 கோடியே 15 லட்சம் பேர் பார்த்தாங்க. "பேர் தெரிஞ்ச முகம் வேணும்"னு உன் கமிட்டியில ரெண்டாவது ஆளு எந்திரிப்பான்ல, அவனுக்கு இதைச் சொல்லு. கேக்க மாட்டான். இருந்தாலும் சொல்லு.

பழைய பெருமை பேசறவன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். 1955 மார்ச் 7-ஆம் தேதி மேரி மார்ட்டின் கம்பியில பறந்த 'பீட்டர் பேன்' நாடகத்தை ஆறரைக் கோடிப் பேர் பார்த்தாங்கம்பான். 1957-ல ரோட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் டிவிக்குன்னே எழுதின 'சின்ட்ரெல்லா'வை 10 கோடிக்கு மேல பார்த்தாங்கம்பான். அன்னைக்கு அமெரிக்காவோட மொத்த ஜனமே 17 கோடிதான். அதுலயும் ஜூலி ஆண்ட்ரூஸ்தான், பார்த்துக்க. நெசம்தான், ஆனா அன்னைக்கு வீட்டுல வேற என்ன ஓடுச்சு? திருப்பறதுக்கு மூணு சேனல். அந்தக் கணக்கைக் காட்டி உன்கிட்ட இன்னைக்கு அதே கூட்டத்தைக் கேட்டா, நீயும் அன்னைக்கு மாதிரி மூணு சேனலை மட்டும் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் இழுத்து மூடச் சொல்லு.

சரி, உருப்படியானதுக்கு வருவோம். 2016 ஜனவரி 31, ஃபாக்ஸ்காரன் 'க்ரீஸ்' போட்டான். அவன்தான் கிழவியை உள்ள விட்டான். வார்னர் பிரதர்ஸ் வளாகத்துல கூட்டத்தைச் சேர்த்து, காட்சிக்குள்ளயே உட்கார வச்சான். ஹாமில்ட்டன் நாடகத்தை இயக்கின தாமஸ் கெய்ல்தான் மேடை இயக்குநர். அன்னைக்குன்னு பார்த்து மழை. கலிபோர்னியாவுல மழை! முதல் பாட்டை ஜெஸ்ஸி ஜே பாடிக்கிட்டே நடக்க, சுத்தி ஆடறவங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. யாரோ யோசிச்சு வச்ச காட்சி மாதிரியே இருந்துச்சு. ரிஸ்ஸோவா நடிச்ச வனெஸ்ஸா ஹட்ஜென்ஸோட அப்பா முந்தின நாள் ராத்திரிதான் இறந்திருந்தாரு. அந்தப் பொண்ணு வந்து நடிச்சுட்டுப் போச்சு. அதைப் பத்தி நான் கேலி பேச மாட்டேன். எங்க நாடகக்காரங்க வீட்டுலயும் இப்படி நடந்ததைப் பார்த்திருக்கேன்.

அப்புறம் 2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை. ஏமாத்தற நாளும் உயிர்த்தெழுந்த நாளும் ஒண்ணா வந்த அன்னைக்கு, புரூக்ளின்ல ஒரு பழைய ராணுவக் கொட்டடியில என்பிசிக்காரன் போட்ட 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்'. ஜான் லெஜண்ட் ஏசு, பிராண்டன் விக்டர் டிக்சன் யூதாஸ், ஆலிஸ் கூப்பர் ஏரோது. ஆரஞ்சு நிறத்துல சூட்டு போட்டுக்கிட்டு அந்தக் கிழவன் இறங்கி வந்ததும் கூட்டம் போட்ட கூச்சல்ல எனக்கு இந்தச் சோபாவுல தூக்கிப் போட்டுச்சு. கூச்சல்ல பாட்டு சரியாக் கேக்கலன்னு குறை சொன்னாங்க. கேக்காட்டிப் போகுது. அதோட சூட்சுமம் என்னன்னா, அது மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே 1970-ல இசைத்தட்டா வந்தது. பாடறதுதான் அதுல நடிப்பே. கச்சேரின்னு பேர் வச்சு, வீடு வாசல் செட்டெல்லாம் கட்டாம, மைக்கைக் கையில குடுத்து விட்டுட்டான். டிவிக்கு எது தோதுன்னு அன்னைக்குத்தான் ஒருத்தன் யோசிச்சிருந்தான். 90 லட்சத்துக்கு மேல பார்த்தாங்க, விருதும் வாங்கினாங்க.

ஒருத்தன் ஜெயிச்சா கமிட்டிக்காரனுக்குப் பைத்தியம் பிடிக்கும். 'சூப்பர்ஸ்டார்' ஓடுச்சுன்னதும், இதே மாதிரி ராக் இசையில வேற என்ன இருக்குன்னு தேடி, என்பிசி 'ஹேர்' நாடகத்தை லைவா போடப் போறோம்னு அறிவிச்சுச்சு. நீ பார்த்திருக்கியோ என்னமோ, 1968-ல பிராட்வேக்கு வந்தது. கஞ்சா, போர் எதிர்ப்பு, முதல் பாகம் முடியற இடத்துல ஒட்டுத்துணி இல்லாம நிக்கிற காட்சி. வீட்டுல கொள்ளுப்பேரன் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கற சேனல்ல! யார் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டான்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும். 2019 பிப்ரவரியில சத்தமில்லாமக் கைவிட்டாங்க.

'பை பை பர்டி' கதை இன்னும் வேடிக்கை. ஜெனிஃபர் லோபஸை வச்சு எடுக்கறதா அறிவிச்சு, தள்ளி வச்சு, அப்படியே கிணத்துல போட்டாச்சு. அதோட கதை என்ன தெரியுமா? பட்டாளத்துக்குப் போகப் போற ஒரு பாட்டுக்காரன், கிளம்பறதுக்கு முன்னாடி ஒஹாயோவுல ஒரு ரசிகைப் பொண்ணுக்கு முத்தம் குடுப்பான், அதை எட் சல்லிவன் நிகழ்ச்சியில நேரடியாக் காட்டுவாங்க. அந்தப் பொண்ணோட பழகற பையன் குறுக்க ஓடி வந்து பாட்டுக்காரன் மூஞ்சியில ஒரு குத்து விடுவான், நாடே பார்க்கும். லைவ் போட்டா என்னென்ன ஆகும்னு சொல்ற நாடகத்தையே லைவா போடப் பயந்துட்டாங்க. எனக்கு அதுல அவ்வளவு சந்தோசம்.

இப்போ 'ரென்ட்'. இதைக் காதைத் தீட்டிக் கேளு. 2019 ஜனவரி 27, ஞாயிறு, ஃபாக்ஸ்காரன் போட்டது. முந்தின நாள் சனிக்கிழமை முழு ஒத்திகை, கூட்டத்தை வச்சு, கேமராவுல பதிவும் பண்றாங்க. ஒத்திகை முடியப் போற நேரத்துல, ரோஜரா நடிச்ச பிரென்னின் ஹன்ட் கால் ஒடிஞ்சு போச்சு. சரி, மாத்து ஆளு எங்கன்னு கேட்டா, மாத்து ஆளே கிடையாதாம்! பிராட்வேயில கதாநாயகனுக்குத் தும்மல் வந்தாப் போதும், உள்ளுக்குள்ள வசனத்தைப் பாடம் பண்ணிக்கிட்டு ஒருத்தன் செருப்பை மாட்டிக்கிட்டு நிப்பான். எங்க ஊர்ல ராஜபார்ட் வர்ற பஸ்சு வழியில நின்னு போனா, ஆர்மோனியப் பெட்டிக்காரரே பக்கத்து ஊர்ல யாரு முருகன் வேசம் கட்டுவான்னு ஆளனுப்பி, விடியறதுக்குள்ள கூட்டிட்டு வந்து வள்ளியோட தர்க்கம் பண்ண வச்சிருவாரு. ஒத்திகை கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் முன்னப்பின்னப் பார்த்திருக்க மாட்டாங்க, ஆனா நாடகம் நின்னதில்ல. இவ்வளவு கோடி டாலர் போட்டு, கேமரா, லைட்டுன்னு எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணினவனுக்கு ஒரே ஒரு மாத்து ஆளுக்குச் சம்பளம் குடுக்கக் கை வரல.

என்ன பண்ணினான்? முந்தின நாள் ஒத்திகையைப் பதிவு பண்ணினதை எடுத்து, "லைவ்"னு தலைப்பு வச்ச நிகழ்ச்சியில ஓட விட்டான். கடைசிப் பகுதி மட்டும் நேரடியா, அந்தப் பையன் கட்டுப் போட்ட காலோட உட்கார்ந்தபடி பாடினான். அதைவிடக் கூத்து, அதே நேரத்துல உள்ள வந்திருந்த கூட்டத்துக்கு நடிகர்களெல்லாம் உட்கார்ந்து அசலாப் பாடிக்காட்டிக்கிட்டிருந்தாங்க. உள்ள உயிரோட நாடகம், வெளிய நேத்து பிடிச்ச படம். அந்தப் பாடிக்காட்டினதைத்தானேப்பா டிவியில போட்டிருக்கணும்? இத்தனைக்கும் 'ரென்ட்' பிறந்ததே அப்படித்தான். 1996 ஜனவரி 25, முதல் முன்னோட்டம் நடக்க வேண்டிய அன்னைக்கு விடியற்காலையில அதை எழுதின ஜொனாதன் லார்சன் 35 வயசுல செத்துப் போனாரு. அன்னைக்கு ராத்திரி நடிகர்கள் மேசையைப் போட்டு உட்கார்ந்தே பாட ஆரம்பிச்சாங்க, சும்மா பாடி முடிச்சுறலாம்னு. முதல் பாகம் முடியறதுக்குள்ள தாங்க முடியாம எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுட்டாங்க. 23 வருசம் கழிச்சு அதே மாதிரி ஒரு ராத்திரி தானா வந்து மடியில விழுந்துச்சு, உங்க ஆளு பதிவை ஓட்டினான். 34 லட்சம் பேர்தான் பார்த்தாங்க. அதுல எத்தனை பேருக்கு இது முந்தின நாள் சமாச்சாரம்னு தெரிஞ்சுதோ.

லைவ்னு நீங்க சொல்றதே எனக்குச் சிரிப்புத்தான். கலிபோர்னியாவுல இருக்கற உங்க சித்தப்பாவுக்குச் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' லைவ் மூணு மணி நேரம் கழிச்சுத்தான் போச்சு. அவன் போன்ல, "அப்பா, யாரும் முடிவைச் சொல்லிறாதீங்க"ன்னான். மலையேறித் தப்பிச்சுருவாங்கடான்னு சொல்லிட்டேன்.

2021-ல 'அன்னி'. நாயும் குழந்தைங்களும் மேடையில இருந்தா எவனும் சேனலை மாத்த மாட்டான்னு கணக்கு. நாய் நல்லாத்தான் பண்ணுச்சு. ஆனா பணக்கார வார்பக்ஸா வந்த ஹேரி கானிக் ஜூனியருக்கு மொட்டைத் தலைக்கு மேல ஒட்ற தொப்பி போட்டிருந்தாங்க பாரு, அதை மேடையில இருபதாவது வரிசையில இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது. டிவியில கேமரா நெத்திக்கிட்ட போனா தொப்பி ஒட்டின விளிம்பு தெரியுது, அதுக்குக் கீழ சுருக்கம் தெரியுது. அன்னைக்கு ராத்திரி ஊரே பாட்டை விட்டுட்டு அந்த மொட்டையைப் பத்தித்தான் பேசுச்சு. பார்த்தவங்க 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. அதுக்கப்புறம் உங்க ஆளுங்களுக்கு வேகம் குறைஞ்சு போச்சு.

அதனால எதைப் போடலாம்? 'விக்கிட்' வேண்டாம், அதுக்குச் சினிமா வந்து இப்பத்தான் ஆறியிருக்கு. 'ஃபான்டம் ஆஃப் தி ஓபரா' பிராட்வேயில ஒரே தியேட்டர்ல 35 வருசம் ஓடி 2023 ஏப்ரல் 16-ல படுதா இறங்கினது. அதுல பெரிய சரவிளக்கு மேல இருந்து கீழ விழும். விளக்கு பாதியில தொங்கும்போது நீங்க நெஞ்செரிச்சல் மாத்திரை விளம்பரம் போடுவீங்க. வேண்டாம்.

நான் சொல்றது 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்'. உடனே சிரிக்கற பாரு. ஆமாப்பா, அதோட கதாநாயகன் என்னை மாதிரி ஒரு பட்டிக்காட்டுக் கிழவன், பால்காரன், வாய் ஓயாது, அதனாலதான் சொல்றேன். ஒத்துக்கறேன். கமிட்டியில உட்கார்ந்தவன் எவன்தான் தனக்குப் பிடிச்சதைச் சொல்லாம இருந்தான்? ஆனா காரணமும் இருக்கு, கேளு.

ஜார் காலத்து ரஷ்யாவுல அனாடெவ்கான்னு ஒரு யூதக் குக்கிராமம். அந்தப் பால்காரன் தெவ்யேவுக்கு அஞ்சு பொண்ணுங்க. தரகுக்காரி மூத்தவளுக்குக் கறிக்கடைக்காரனைப் பேசி முடிச்சா, அவ தையக்காரனைத்தான் கட்டுவேங்கறா. பொண்டாட்டியைச் சம்மதிக்க வைக்க இந்த ஆளு என்ன பண்றான்? நடுராத்திரி அலறிக்கிட்டு எந்திரிச்சு, செத்துப்போன பாட்டி கனவுல வந்து தையக்காரனையே கட்டி வைன்னு சொல்லிட்டாங்கறான். கறிக்கடைக்காரனோட செத்த பொண்டாட்டியையும் கனவுல கூட்டியாந்து மிரட்ட விடறான். இந்த வித்தையை நான் உன் பாட்டிகிட்ட... சரி, அது வேண்டாம். ரெண்டாவது பொண்ணு புரட்சிக்காரனைப் பிடிக்கிறா. மூணாவது வேற மதத்துப் பையனோட போயிர்றா, அங்கதான் கிழவன் வளைய மாட்டேங்கறான். அந்த இடத்துல எனக்கு அவன் மேல கோவம், உங்கப்பாவுக்கு என் மேல கோவம். கடைசியில ஊரையே காலி பண்ணச் சொல்லி உத்தரவு வருது, ஆளுக்கொரு பக்கம் மூட்டையைக் கட்டறாங்க, இவன் அமெரிக்காவுக்கு. அப்படி வந்தவங்க பேரன் பேத்திங்க எத்தனை பேரு இந்த நியூயார்க்குலயே டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காங்கன்னு உன் விளம்பரக்காரன்கிட்ட சொல்லு, அவனே மத்ததைப் பார்த்துக்குவான்.

படம் வந்திருக்கே தாத்தாங்கறியா? 1971-ல வந்துச்சு. நல்ல படம்தான். ஆனா வருசா வருசம் கிறிஸ்துமஸுக்குப் போட்டுப் போட்டுத் தேய்ச்ச படம் இல்ல. நாடகம் 1964-ல வந்து 3,242 தடவை ஓடுச்சு. தெவ்யே நேரா உன்னைப் பார்த்துப் பேசுவான், மேல பார்த்து ஆண்டவன்கிட்ட சண்டை போடுவான், திரும்பி உன்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். கூட்டம் எதுக்க இல்லன்னா அந்த ஆளு யார்கிட்ட பேசுவான்? மொட்டைத் தொப்பியும் தேவையில்ல, பறக்கக் கம்பியும் தேவையில்ல. தாடி மட்டும் அசலா வளர்க்கச் சொல்லு.

அப்புறம் மூத்தவ கல்யாணத்துல ஒரு ஆட்டம் இருக்கு. நாலு ஆம்பளைங்க தொப்பி மேல ஒயின் பாட்டிலை நிக்க வச்சு, கையைக் கோத்துக்கிட்டு, முழங்காலை மடக்கி மடக்கித் தரையில ஊர்ந்து ஆடுவாங்க. அந்த 1955 'பீட்டர் பேன்' சொன்னேன்ல, அதை இயக்கின அதே ஜெரோம் ராபின்ஸ்தான் இதையும் அமைச்சது. யூதக் கல்யாண வீடுகளுக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து அமைச்சாரு. பாட்டிலைத் தொப்பியோட ஒட்டறதில்ல, ஆணியும் அடிக்கறதில்ல. கழுத்துதான் தாங்கணும். உன் கமிட்டியில மூணாவதா ஒருத்தன் எந்திரிச்சு, "விழுந்துட்டா என்ன பண்றது, பசை போட்டு ஒட்டிருவோம்"னு சொல்லுவான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து வெளிய அனுப்பிரு. விழுமா விழாதான்னு தெரியாமத்தானே ஜனம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்கும்? விழுந்தா விழட்டும், அவன் ஓரமாப் போய்க் கைதட்டுவான், மத்தவன் ஆடுவான். அதுக்குத்தானே லைவ்னு பேரு.

மாத்து ஆளுக்குச் சம்பளம் குடுத்து வை, கூட்டத்தை உள்ள விடு, சித்தப்பாவுக்கும் அதே நேரத்துல போற மாதிரி பார்த்துக்க. விளம்பரத்தைக் கல்யாணத்துக்கு முன்னாடி போடு, பின்னாடி போடு. பாட்டில் தலையில நிக்கும்போது போட்டா, அடுத்த நாளு நான் உங்க ஆபீசுக்கே வந்துருவேன், சொல்லிட்டேன். சரி, போய் உங்கம்மாகிட்ட ரெண்டு காபி போடச் சொல்லு, உன் கமிட்டிக் கணக்குல.